பூட்டைத் தாண்டும் வண்டு

திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை பல. பிரியாணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கே நமக்கு வேண்டியவை பூட்டும் புகையிலையும். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புகையிலையின் பெயர் அதைவிடப் பழையது. வெள்ளைக்காரர் காலத்திலேயே திண்டுக்கல் சுருட்டுக்குத் தனி மவுசு இருந்தது, ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு ஆலை நடத்தியது, பக்கத்து வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நிலையம் அமைத்தது. புகையிலைக் கிட்டங்கிகளில் குடியிருக்கும் ஒரு வண்டில் தொடங்கினால், கல்லூரி நூலகத்தில் ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் காக்கிறவர் என்னதான் செய்கிறார் என்பது சுலபமாக விளங்கும்.

சிகரெட் வண்டு என்று அதற்குப் பெயர். அறிவியல் பெயர் லாசியோடெர்மா செரிகார்னே. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். தலையை நெஞ்சுக்கடியில் மடக்கி வைத்திருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கூன் விழுந்ததாகத் தெரியும். தொட்டால் காலைச் சுருட்டிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். புகையிலையிலுள்ள நிகோடின் பெரும்பாலான பூச்சிகளுக்கு நஞ்சு. இந்த வண்டை அது ஒன்றும் செய்வதில்லை. குடலை ஒட்டிய சிறு பைகளில் ஈஸ்ட் போன்ற ஒரு நுண்ணுயிரியை இந்த வண்டு வளர்க்கிறது. அந்த நுண்ணுயிரி நஞ்சை முறிக்கத் துணை செய்வதோடு, உணவில் கிடைக்காத பி வைட்டமின்களையும் கொடுக்கிறது. அதனால் சத்தில்லாத பண்டத்தைத் தின்றும் இதனால் பிழைக்க முடிகிறது. மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றல் எல்லாம் இதற்கு இரை. ஓலைச்சுவடியும் பசை தடவிய புத்தக முதுகும் அப்படியே. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலிருந்து எடுத்த பிசினில் இந்த வண்டின் எச்சம் கிடைத்திருக்கிறது. அது 3,300 ஆண்டுப் பழமை. புகையிலை அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தே ஏறத்தாழ 500 ஆண்டுதான் ஆகிறது. ஆகவே பழியைப் புகையிலை மேல் போட வேண்டாம்.

வளர்ந்த வண்டு அதிகம் தின்பதில்லை, சில வாரமே உயிரோடிருக்கும். சேதமெல்லாம் புழுப் பருவத்தில். பெண் வண்டு மடிப்பிலும் இடுக்கிலும் முட்டையிடும். வெளிவரும் வெள்ளைப் புழு சுவடிக்கட்டுக்குள் குடைந்துகொண்டே போகும். ஏடு ஏடாகத் துளை ஒரே நேர்கோட்டில் இறங்கும். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் இருந்தால் முட்டை ஒரு மாதத்துக்குள் வண்டாகிவிடும். திண்டுக்கல் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் அதற்குத் தோதாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் ஈரமும் சேர்ந்துவிடும்.

பூட்டினால் தப்பலாமா என்றால், அங்கேதான் சங்கடம். வெயில் படும் சுவரை ஒட்டி இரும்பு பீரோவை நிறுத்தி, உள்ளே சுவடிக்கட்டை வைத்துத் திண்டுக்கல் பூட்டே போட்டாலும், பகலில் பீரோ காயும், இரவில் குளிரும், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தகட்டில் வியர்க்கும். இருட்டு, புழுக்கம், ஆள் நடமாட்டமின்மை மூன்றும் பூச்சிக்கு வேண்டியவை. பூட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் அலமாரியில் பூச்சிக்கு எத்தனையோ தலைமுறை ஓடிவிடும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் தூசு தட்டி அடுக்கும் வழக்கத்தை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அது மழைக்காலத்தின் வாசலில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம்; ஆனாலும் நல்ல நேரத்தில் வருகிறது.

கல்லூரி நூலகத்தில் சிறப்புத் தொகுப்பு என்று தனிப் பிரிவு இருக்கும். பொது அடுக்கில் வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாதவை அங்கே இருக்கும்: ஓலைச்சுவடி, ஆரம்பகால அச்சு நூல், கையெழுத்துப் பிரதி, கடிதக்கட்டு, நிழற்படம், நின்றுபோன இதழ், துண்டறிக்கை. அரிதாக இருப்பது மட்டும் தகுதியல்ல. வேறெங்கும் கேட்டு வாங்க முடியாததாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் நெருக்கமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 16 பக்க நூல் ‘தம்பிரான் வணக்கம்’. அதை அச்சேற்றியவர் அண்டிரிக் அடிகளார். உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்பில் உள்ளது. தமிழ் எழுத்தில் நம்முடைய முதல் அச்சு நூலைப் பார்க்கப் பாஸ்டனுக்கு விமானம் ஏற வேண்டும் என்பது கசப்புத்தான். ஆனால் அங்கே அதைப் பட்டியலிட்டு, பெட்டியில் வைத்து, கேட்டவருக்குக் காட்டிய ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இயற்கை ஒரு சோதனைக்கூடம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. மேலே கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரி. மதுரை மிஷனின் ஆவணக்காப்பகம் நெடுங்காலம் அங்கே இருந்தது. 1606இல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் வரலாற்றைத் தேடுகிற ஆய்வாளர்கள் மலையேறியே தீர வேண்டியிருந்தது. கீழே வெயிலில் காயும் சமவெளி. வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தால் தாளின் ஆயுள் இரட்டிக்கும் என்பது காப்பாளர்களின் கைக்கணக்கு. கொடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. சிகரெட் வண்டும் 16 டிகிரிக்குக் கீழே முடங்கிவிடும். அப்படியானால் எல்லாவற்றையும் மலைக்கு ஏற்றிவிடலாமே? அங்கே மூடுபனி இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் தாளில் பூஞ்சணம் பூக்கும். மலையில் காப்பாளர் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டுகிறார், சமவெளியில் பூச்சியோடு. ஒரே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் வேலை பார்க்க முடியாது.

சமவெளிக் காப்பாளரின் காலை வேலை படிப்பது அல்ல, பார்ப்பது. அலமாரித் தட்டில் புதிதாக மாவு விழுந்திருக்கிறதா? மாவுக்கு நேர் மேலே உள்ள கட்டில் ஊசித்துளை தெரிகிறதா? பெண் வண்டு ஆணை அழைக்க வெளியிடும் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து, பசை அட்டையில் வைத்துப் பொறியாக மாட்டுவார்கள். பொறியில் எத்தனை விழுந்தன என்பது பூச்சி ஒழிப்புக்கு மட்டுமல்ல, எந்த அறையில் ஈரம் ஏறுகிறது என்று காட்டவும் உதவும். சந்தேகமான நூலைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் போட்டு வைப்பதுண்டு. வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. சில்லிட்ட நூலில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிப்பார்கள். முன்பெல்லாம் டிடிடி தூளும் பாதரச உப்பும் தாராளமாகப் போட்டார்கள். பூச்சி செத்ததோ இல்லையோ, அந்த நஞ்சு சில பழைய தொகுப்புகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவற்றைக் கையாளக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். மற்றபடி சினிமாவில் காட்டுவது போல வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பழந்தாளைப் புரட்டுவது நல்லதல்ல. கையுறையில் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழியும். கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். நிழற்படத்துக்கு மட்டும் கையுறை.

வண்டு ஒன்றே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டும். செல் விழுந்தால் அலமாரியோடு போகும். ஆகவே அலமாரியைச் சுவரை ஒட்டி நிறுத்துவதில்லை, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரையடியாவது தூக்கி வைப்பார்கள். இவை வெளியிலிருந்து வருபவை. உள்ளேயே இருக்கும் எதிரி தாளின் அமிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கந்தல் துணித் தாள் போய் மரக்கூழ்த் தாள் வந்தது. மை பரவாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் மெல்ல அமிலமாகி, செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அதனால்தான் 300 ஆண்டு கண்ட ஓலை வளையும்போது, 1920இல் அச்சான நாவல் அப்பளமாக நொறுங்குகிறது. சுண்ணாம்புச் சத்தால் அமிலத்தை முறிக்கலாம், கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிழைத் தாளை மாவுப் பசையால் ஒட்டலாம். போன உயிரை மீட்க முடியாது, போவதைத் தாமதப்படுத்தலாம். செல்லோ டேப் ஒட்டியவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடுகிறது.

இவ்வளவும் உடலைக் காப்பது. இந்தத் தொழிலின் மூளை இருப்பது பட்டியலிடுவதில். அலமாரியில் பத்திரமாக இருந்தும் பட்டியலில் இல்லாத நூல் தொலைந்த நூல்தான்.

பழைய நூலின் முகப்பில் ‘ஆனந்த வருஷம் ஆடி மாதம்’ என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 ஆண்டுச் சுழற்சியில் ஆனந்த வருஷம் 1854, 1914, 1974 ஆகிய மூன்றிலும் வரும். எது? விலை அணாவில் இருந்தால் 1974 விழுந்துவிடும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டிருந்தால் அதுவும் ஒரு துப்பு. தாள் மரக்கூழா, கந்தலா? பக்க எண் தமிழ் எண்ணா, இந்து-அரபு எண்ணா? இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் ஒரு ஆண்டை எழுதுவார்கள். துணிந்து சொல்ல முடியாவிட்டால் கேள்விக்குறியோடு எழுதுவார்கள். அந்தக் கேள்விக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஓலையில் சிக்கல் இன்னும் அதிகம். எழுத்தாணியால் குத்தினால் ஏடு கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. கொம்பை மேலே சுழித்து இந்த நெடிலைப் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பது வழக்கு. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கிதான் அவர். 1732இல் ‘சதுரகராதி’யை முடித்தவர். திண்டுக்கல்லில் இயேசு சபையின் பெஸ்கி கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுவடியைப் பட்டியலிடுகிறவர் இரட்டைச் சுழியைக் கண்டால், இந்தப் பிரதி பெஸ்கி காலத்துக்கு முந்தியதாக இருப்பது கடினம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

நில ஆவணம் என்றால் பசலி ஆண்டு வரும். 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்: பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. ஜமாபந்திக்குப் போய் வந்த விவசாயிக்கு இது புதிதல்ல. தெற்கத்திச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825ஐக் கூட்ட வேண்டும், சில மாதங்களுக்கு 824. திப்பு சுல்தானோடு செய்த 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. இந்தச் சமவெளியின் பழைய வீட்டுப் பத்திரங்களை விரித்தால் இத்தனை கணக்கும் ஒரே கட்டில் கலந்து கிடக்கக் கூடும்.

பெயரிலும் தகராறு உண்டு. ஊர்ப்பெயர் முன்னால் வருமா, தகப்பன் பெயரா, சாதிப் பட்டம் சேர்த்தா சேர்க்காமலா? ஒரே ஆசிரியரை நான்கு நூலகம் நான்கு விதமாகப் பட்டியலிட்டால் சிகாகோவிலிருந்து தேடுகிறவருக்கு நான்கு ஆள் கிடைப்பார்கள். ஆகவே ஒரு பெயருக்கு ஒரு நிலையான வடிவம் வைத்து, மற்றவற்றை அதற்குச் சுட்டிவிடுகிறார்கள். யாருக்கும் கண்ணில் படாத வேலை. படாமலிருக்கும் வரை சரியாக நடக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்து சேர்கிறது? பெரும்பாலும் பைத்தியக்காரத்தனமாகச் சேர்த்த ஒரு தனிமனிதரிடமிருந்து. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ச் சுவடி திரட்டிய கதை எல்லோரும் அறிந்தது. அவர் தொகுப்பு 1943இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூல்நிலையமானது. சிவகங்கைச் சீமைக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஒரு லட்சம் உருப்படி வரை இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அதை வாங்கியும், தொகுப்பு வெளிநாடு போகாமல் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பேராசிரியர்கள் அன்று குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகம்தான் இன்றைய சமூக வரலாற்று ஆய்வாளருக்குப் பொன்.

அந்தப் பாடத்தைத் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் பார்க்கிறேன். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், அதிலிருந்து 1956இல் எழுந்து பின்னர் பல்கலைக்கழகமான கிராமிய நிறுவனம், நகரத்துக் கல்லூரிகள் என்று நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. வெளியிலோ சேர்க்க ஆளில்லாத செல்வம் கிடக்கிறது: பூட்டுப் பட்டறைக்காரர் சாவி மாதிரி வரைந்த நோட்டு, சுருட்டுப் பெட்டி லேபிள், தோல் மண்டிக் கணக்கு, சின்னாளபட்டித் தறிக்காரரின் சேலை வடிவத் தாள், மூடிப்போன டூரிங் டாக்கீஸின் துண்டறிக்கை. இவை எதற்கும் இன்று விலையில்லை. அதனால்தான் இன்று சேர்க்க வேண்டும்.

கட்டு வந்து சேர்ந்ததும் காப்பாளர் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு: அழகாக அடுக்குவது. கடிதங்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் எண் போட வேண்டும். பூட்டுக்காரர் ஒரு ரசீதுக்கும் ஒரு சண்டைக் கடிதத்துக்கும் ஒரே ஊசி குத்தி வைத்திருந்தால், அந்த ஊசி ஏதோ சொல்கிறது. துருப்பிடிக்கும் என்று ஊசியை எடுக்கலாம். சேர்க்கையைக் கலைக்கக் கூடாது.

பிறகு படிக்கக் கொடுப்பது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை எழுதியபோது, நூல் பயன்படுத்துவதற்கே என்பதை முதலாவதாக வைத்தார். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அப்படிப்பட்ட சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம். சங்கிலியாவது படிக்க விட்டது. நம் ஊர்ப் பீரோ அதற்கும் விடுவதில்லை. சிறப்புத் தொகுப்பின் படிப்பறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும், பை வெளியே, ஒரு நேரத்தில் ஒரு கட்டு, முதுகு ஒடியாமல் நூலைத் தாங்கச் சாய்மெத்தை. விதிகள் கடுமையாகத் தோன்றினாலும், எல்லாமே நூலை வெளியே எடுப்பதற்காக ஏற்பட்டவை. வாசகர் கேட்டு எடுத்த கட்டில்தான் மாவு கண்ணில் படும். வருகிற வாசகரும் ஒருவகையில் பூச்சிக் காவலர்தான்.

எண்ணிமமாக்கல் வந்த பிறகு மூலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படம் எழுத்தைக் காட்டும். ஓலை தாளிப்பனையா நாட்டுப் பனையா, துளையில் கயிறு எத்தனை காலம் உராய்ந்தது என்பதையெல்லாம் காட்டாது. அடிக்கடி கேட்கப்படும் நூலுக்குப் படம் எடுத்தால் மூலத்துக்கு ஓய்வு கிடைக்கும், அது பெரிய லாபம். கோப்பையும் ஆண்டுதோறும் சரிபார்த்துப் புது வன்தட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதால் காப்பாளருக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நல்ல பாலியெஸ்டர் நுண்படச்சுருள் சரியான குளிரில் 500 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். எந்த வன்தட்டும் அப்படி உத்தரவாதம் தருவதில்லை.

இந்த வேலைக்கு வர நூலகவியல் பட்டம் வேண்டும், சுவடிப் பயிற்சி வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடிக்கென்றே துறை இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிவதைச் சொல்லித்தர வகுப்பில்லை. “தாத்தா வச்சிருந்த ஏடு தம்பி, எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது, சாமி ரூம்ல வச்சுக் கும்பிடுறோம்” என்று சொல்லும் பெரியவரிடம், “கொடுத்துடுங்க அய்யா” என்று முதல் நாளே கேட்கிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் சில சொல்லி வைக்கிறேன். வெயிலில் காய வைக்க வேண்டாம். ஓலை நெளிந்து பிளக்கும். சமையல் எண்ணெய் தடவ வேண்டாம். பிசுக்கும் பூச்சியும்தான் சேரும். எழுத்து தெரிய மஞ்சளும் கரியும் கலந்து பூசுவது பழைய முறை. தெரிந்தவர் கையால் செய்யட்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தி விட்டுப் பிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாமல், துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்றிரண்டு அருகில் வைத்து, வெளிச்சுவரில் ஒட்டாத மர அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை துணியைப் பிரித்து மாவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நூலகத்துக்குக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம் நன்கொடைப் பத்திரம் கேட்டு வாங்குங்கள்: பட்டியலில் யார் பெயர் வரும், படம் எடுத்த பிறகு உங்களுக்குப் பிரதி உண்டா, யார் யாருக்குக் காட்டுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுக்க மனமில்லையா, பரவாயில்லை. கட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு படம் மட்டும் எடுக்க விடலாம். அதற்கும் பத்திரம் உண்டு.